தச்சனுக்கு வீடு கட்டிக்கொடுத்த சபை

சிகாமட் ஆறு அந்த வருஷம் டிசம்பர் கடைசியில் கரையேறி, கரையோரத்தில் இருந்த பதினெட்டு வீடுகளையும் கேட்காமல் கொள்ளாமல் இழுத்துக்கொண்டு போயிற்று. போனதில் ஒன்று செபஸ்தியனுடையது. செபஸ்தியன் பசாரில், தௌக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் பலகைக் கடையில் தச்சு வேலை பார்ப்பவன். ஊரில் பாதிக் கதவுகள் அவன் கையால் ஆனவை. மனைவி செசிலியாவையும் ஏழு வயது மகள் லூசியையும் ஒரு மலாய்க்காரரின் படகில் ஏற்றிக் கரை சேர்த்தபோது, அவனிடம் மிச்சமிருந்தவை ஒரு சுத்தியலும் ஒரு ரம்பமும்தான். தச்சனுக்கு இது போதாதா, ஒரு மாதத்தில் வீட்டை எழுப்பிவிடலாம் என்று நினைத்தான். அப்படி நினைத்த மூன்றாம் நாள், அவனுக்கு உதவி செய்யத் தொண்டர்கள் வந்துவிட்டார்கள்.

ஜொகூர் பாருவிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய கருணைக் கரங்கள் தொண்டர் சபையில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். எல்லாரும் ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகள், தபால்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள். வெள்ளைக் கால்சட்டை, தலையில் தொப்பி, இடது கையில் நீலப் பட்டை. கூடவே ஓர் ஆர்மோனியம். ஆணியும் பலகையும் அடுத்த வாரம் வரும் என்றார்கள். அது வரும்வரை சும்மா இருக்கக் கூடாதென்று ஆணிக் கமிட்டி, பலகைக் கமிட்டி, கூரைக் கமிட்டி என்று பிரிந்துகொண்டார்கள். எதிலும் இடம் கிடைக்காத நாலு பேருக்காக நன்றிக் கமிட்டி என்று ஒன்று அமைக்கப்பட்டது.

தலைவர் ரோலண்ட் துரைராஜ், ஓய்வுபெற்ற பெரிய கிராணி. ஒருவர் எதிரே நின்றாலும் ஆயிரம் பேர் எதிரே நிற்பதுபோலத்தான் பேசுவார். செயலாளர் வாலண்டைன் வாத்தியார், சபையின் விதிப்புத்தகத்தைத் தானே எழுதி, தானே அச்சடித்து, எப்போதும் அக்குளில் வைத்திருப்பவர். கரையோர வீடுகளைத் திருப்பிக் கட்டும் பொறுப்பு முழுவதும் சபையிடம் விடப்பட்டிருந்தது. பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு அங்கே இடமில்லை. அதனால் செபஸ்தியனும் வரிசையில் நின்று, பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டான். தாளின் பின்பக்கமும் எழுத்து இருந்ததை அவன் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு வண்டிக்காரன் வீரமுத்து மட்டும் கையெழுத்துப் போடவில்லை. "வேணாண்ணே, எனக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாத தாள்ல கைநாட்டு வச்சா ரொம்ப சூசா, தொல்லதான்" என்று சொல்லிவிட்டு, ரப்பர் காட்டு ஓரத்தில் ஐந்தே நாளில் ஒரு அத்தாப்பு ஓலைக் குடிசை போட்டுக்கொண்டான். அறியாமையால் உதவியை இழந்தவன் என்று சபையின் குறிப்பேட்டில் அவனைப் பற்றி எழுதப்பட்டது.

வேலை தொடங்கிய அன்று காலையில் செபஸ்தியன் சுத்தியலோடு வந்து நின்றான். வாலண்டைன் வாத்தியார் பாம்பைப் பார்த்ததுபோல் பின்வாங்கினார்.

"என்ன இது?"

"சுத்தியல் சார்."

"எதுக்கு?"

"ஆணி அடிக்கத்தான் சார். நான் தச்சன்."

"நீ தச்சன் இல்ல. உதவி பெறுபவன்." புத்தகத்தைப் பிரித்தார். "விதி ஏழு. உதவி பெறுவோர் கட்டுமானத்தில் கைவைக்கலாகாது."

"என் வீடுதானே சார்?"

"அதனாலதான்."

செபஸ்தியனுக்கு விளங்கவில்லை. ரோலண்ட் துரைராஜ் அவன் தோளில் கைவைத்து விளக்கினார். "சகோதரா, உன் வீட்டை நீ கட்டினால் அது வேலை. அதையே நாங்கள் கட்டினால் அது தொண்டு. இருபத்திரண்டு ஆத்துமாக்கள் ரயில் ஏறி வந்திருக்கின்றன. அவர்களுக்குப் பரலோகத்தில் சேர வேண்டிய பலனை நீ ஒரு சுத்தியலால் தட்டிப் பறிக்கலாமா?"

பறிக்கக் கூடாதுதான் என்று செபஸ்தியன் ஒப்புக்கொண்டான். அவனும் வேதக்காரன், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். சுத்தியலை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். வீட்டுக்கு எதிரே ஒரு பெஞ்சு போட்டிருந்தது. காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை அதில் உட்கார்ந்து, தன் வீடு கட்டப்படுவதை அவன் நன்றியோடு பார்க்க வேண்டும். பார்த்தான். தபாலாபீஸ் கிராணி ஒருவர் ஆணியைத் தலைகீழாகப் பிடித்து அடித்தார். இன்னொருவர் தூணை நட்டுவிட்டு, அது சாய்ந்திருப்பதைக் கண்டு, தன் தலையைச் சாய்த்து அளந்து, சரியாக இருக்கிறது என்றார். பத்து ஆணியில் ஒன்பது வளைந்தது. வளைந்த ஆணியை அப்படியே மடக்கி, மேலே இரண்டு தட்டுத் தட்டி, ஒரு ஜெபம் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். செபஸ்தியன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். முகத்தில் நன்றி தெரியவில்லை என்று நன்றிக் கமிட்டி அவன்மேல் இரண்டு முறை புகார் எழுதியது.

கூரை போடும்போது அவனால் பொறுக்க முடியவில்லை. அத்தாப்பு ஓலையை உச்சியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி அடுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு வரிசையும் மேல் வரிசையின்மேல் ஏறி உட்கார்ந்தது.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. கீழேருந்து மேல அடுக்கணும். இப்படிப் போட்டா மழத் தண்ணி முழுக்க உள்ளதான் எறங்கும்" என்றான்.

ரோலண்ட் துரைராஜ் புன்னகை செய்தார். "செபஸ்தியன், ஆசீர்வாதம் எங்கேயிருந்து வருகிறது?"

"மேலேருந்துங்க."

"அப்படியானால் கூரையும் மேலேயிருந்துதான் வரும்."

தொண்டர்கள் ஆமென் என்றார்கள். அன்று சாயங்காலம் பெய்த மழையில் வெளியே நனைந்ததைவிட உள்ளே அதிகம் நனைந்தது. இதைக் கூரைக் கமிட்டி ஆராய்ந்து, மழை மிதமிஞ்சியது என்று முடிவு செய்தது.

செசிலியாவின் பாடு வேறு. பட்டியலில் இருந்த பதினேழு வீட்டுப் பெண்களையும் மரத்தடியில் உட்காரவைத்து, டொரத்தி அம்மாள் இல்லத் தூய்மை வகுப்பு நடத்தினார். குளுவாங்கில் சபை நடத்தும் பிள்ளைகள் விடுதிக்கு அவர்தான் தலைவி. வீட்டின் மூலைகளை முதலில் கூட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

"மூல எங்கம்மா இருக்கு?" என்று செசிலியா கேட்டாள்.

"இருக்கறதா நெனச்சுக்கோ."

செசிலியா காற்றைக் கூட்டினாள். பணிவு போதவில்லை என்று மதிப்பெண் குறைத்தார்கள்.

இதையெல்லாம் செபஸ்தியன் சிரித்துக்கொண்டே தாங்கியிருப்பான். பள்ளிக்கூடத்து வராந்தாவில் பாய் விரித்துப் படுத்த நாட்களில், புருஷனும் பெண்டாட்டியும் இந்தக் கூத்தைப் பேசிச் சிரிக்கவும் செய்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமைதான் சிரிப்பு நின்றது. வாலண்டைன் வாத்தியார் அவன் கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பி, பின்பக்கத்தை வாசித்தார். விதி பத்தொன்பது. வீடு முடியாத குடும்பத்துப் பிள்ளைகள் வெயிலிலும் மழையிலும் கிடப்பது சபைக்கு இழுக்கு. ஆகவே வீடு முடியும்வரை அவர்கள் குளுவாங் விடுதியில் வைத்துக் காக்கப்படுவார்கள். திங்கட்கிழமை மதிய ரயில்.

"என் புள்ளையக் குடுக்க மாட்டேன்" என்று செசிலியா கத்தினாள்.

"குடுக்க வேணாம்மா. ஏற்கெனவே குடுத்தாச்சு. இந்தா கையெழுத்து" என்றார் வாத்தியார். "திங்கக்கிழம காலையில வீடு முடிஞ்சிருந்தா யாரும் தொட மாட்டாங்க. அதுவும் விதிதான்."

செபஸ்தியன் வீட்டைப் பார்த்தான். சபையின் வேகத்தில் அது பங்குனிக்கு முன்னால் முடியாது. அவன் வேகத்தில் ஒரு நாள் போதும்.

அந்த ஒரு நாளும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை தொண்டர்கள் யாரும் சுத்தியலைத் தொடமாட்டார்கள், ஓய்வு நாள். செபஸ்தியன் காலையில் கோயிலுக்குப் போய், செய்யப்போகும் பாவத்துக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டான். அப்படிக் கேட்கலாமா என்று அவனுக்குத் தெரியாது. வீரமுத்துவிடம் சுத்தியல் இரவல் வாங்கி, அவனையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஓலையை முழுக்கப் பிரித்து, கீழேயிருந்து மேலாக அடுக்கிக் கட்டினார்கள். தூணை நிமிர்த்தினார்கள். சுவருக்கு நெருக்கமாக ஆணி அடித்து, கதவு மாட்டினார்கள். பொழுது சாய்ந்தபோது மழை கொட்டியது. செபஸ்தியனும் செசிலியாவும் லூசியும் உள்ளே உட்கார்ந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. லூசி ஒவ்வொரு மூலையாக ஓடிப்போய்த் தரையைத் தடவி, "இங்கயும் காய்ஞ்சுதான் இருக்கு!" என்று கூவினாள். செசிலியா வாய்விட்டுச் சிரித்தாள். செபஸ்தியனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தக் காய்ந்த தரைதான் காட்டிக்கொடுத்தது. திங்கள் காலையில் வாலண்டைன் வாத்தியார் உள்ளே வந்து, குனிந்து தரையைத் தொட்டு, முகம் சிவந்தார்.

"நேத்து அந்த மழ பெஞ்சிருக்கு. உள்ள ஈரமே இல்ல. தலைவரே, இது நம்ம வேல இல்ல!"

சபை உடனே கூடியது. ஓய்வு நாளில் வேலை நடந்திருக்கிறது. அந்த வேலையைச் சபை ஏற்றுக்கொண்டால் பாவத்தையும் ஏற்றுக்கொண்டதாகும். எனவே ஞாயிற்றுக்கிழமை அடிக்கப்பட்ட ஆணிகளை மட்டும் பிடுங்கிவிடுவதென்று தீர்மானம் நிறைவேறியது. எது ஞாயிற்றுக்கிழமை ஆணி, எது மற்ற நாள் ஆணி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு தபால்காரர் கேட்டார். ஆணிக் கமிட்டி சுவரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, அதில் சிரமம் ஒன்றுமில்லை, நேராக இறங்கியிருப்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையுடையது என்று அறிக்கை கொடுத்தது.

நேரான ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். நன்றாக இறங்கியிருந்ததால் பிடுங்குவது கஷ்டமாக இருந்தது, நெஞ்சழுத்தமான பாவம் என்று பேசிக்கொண்டார்கள். கதவு விழுந்தது. ஆற்றுப்பக்கச் சுவர் சாய்ந்தது. கூரையைப் பிரித்து, மறுபடியும் மேலேயிருந்து தொடங்கினார்கள்.

"ஐயா, வீடு முடிஞ்சிருந்துச்சு. நீங்களே பாத்தீங்க" என்று செபஸ்தியன் ரோலண்ட் துரைராஜின் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு வீடே வேணாங்க. பேர அடிச்சிருங்க. புள்ளய மட்டும் விட்டுருங்க."

"பேரை அடித்தால் பதினேழு வீடு பதினாறாகிவிடும், செபஸ்தியன். பதினேழு என்று சிங்கப்பூர்ப் பத்திரிகைக்கு எழுதிவிட்டோம்" என்றார் தலைவர். அவர் கண்ணில் உண்மையாகவே ஈரம் இருந்தது. "நீ படும் வேதனையைப் பார்க்கும்போது, நாங்கள் இங்கே எவ்வளவு தேவைப்படுகிறோம் என்பது எனக்கு இன்னும் தெளிவாகிறது."

ஸ்டேஷனில் லூசி அழவில்லை. வீடு முடிந்ததும் அப்பா வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா கட்டினால் ஒரு நாள்தானே என்று அவள் நம்பினாள். வண்டி நகர்ந்ததும் செசிலியா பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி நிறுத்த வீரமுத்துதான் வந்தான்.

சபை வீட்டை முடிக்க ஏப்ரல் ஆயிற்று. திறப்பு விழாவுக்குத் தோரணம் கட்டி, ஆர்மோனியம் வாசித்து, ஜொகூர் பாருவிலிருந்து படம் பிடிப்பவரை வரவழைத்திருந்தார்கள். வாலண்டைன் வாத்தியார் பதிவேட்டைப் பார்த்தார். செபஸ்தியன், மனைவி, மகள், ஆக மூவர். நின்றது இருவர்.

"புள்ள எங்க?"

"நீங்கதானே சார் கொண்டு போனீங்க!" என்றாள் செசிலியா.

"வீடு முடிஞ்சுதுன்னு சபையோட அறிக்கை அச்சாகி வந்தாத்தான் விடுதியில புள்ளைய அனுப்புவாங்க. படம் இல்லாம அறிக்கை இல்ல. மூணு பேர் இல்லாம படம் இல்ல." வாத்தியார் சுற்றும்முற்றும் பார்த்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வீரமுத்துவின் மகள் செல்லம் கண்ணில் பட்டாள். அவளுக்கும் ஏழெட்டு வயசு. "அதக் கூப்பிடு. ஒரு கவுன் போட்டு நிறுத்து."

செபஸ்தியன் மாட்டேன் என்றான். ஆனால் படம் எடுத்தால்தான் லூசி வருவாள் என்று வாத்தியார் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் அவன்தான் செல்லத்தின் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினான். அதை நினைத்து நினைத்து அவன் பிறகு வெகுநாள் தன்னையே நொந்துகொண்டான். சிரிக்கச் சொன்னார்கள். செல்லம் மட்டும் சிரித்தாள்.

அறிக்கை வந்ததும் செபஸ்தியன் தௌக்கேயிடம் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினான். லாபிஸ், பெக்கோக், பாலோ என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டு குளுவாங்கில் இறங்கினான். டொரத்தி அம்மாள் அன்பாகத்தான் வரவேற்றார். காப்பி கொடுத்தார். பிறகு அச்சிட்ட அறிக்கையைப் பிரித்து அவன் முன்னால் வைத்தார்.

"இதப் பாருங்க செபஸ்தியன். ஒங்க மக ஒங்ககூடத்தான் இருக்கா."

"அது வீரமுத்து மகம்மா. படத்துக்காக நிறுத்துனாங்க. ஒங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே லூசியக் கையப் பிடிச்சு வண்டி ஏத்துனீங்க."

"எனக்கு நல்லாத் தெரியும். ஆனா அறிக்கை லண்டன் வரைக்கும் போயிருச்சே. செபஸ்தியன் மக சிகாமட்ல அப்பா அம்மாகூட இருக்கான்னு அச்சுல இருக்கு. அப்ப இங்க இருக்கற லூசி யாரு?" டொரத்தி அம்மாள் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். லூசியின் பெயருக்கு நேரே, பெற்றோர் இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. "நாங்க ரொம்ப யோசிச்சோம். வேற வழி இல்ல."

செபஸ்தியனுக்குக் கோபத்தில் மேஜையைப் புரட்டிப் போடலாம் என்றிருந்தது. புரட்டினால் லூசியைப் பார்க்க விடமாட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு, "நான் என்னம்மா செய்யணும்?" என்று கேட்டான்.

செய்ய ஒரு வழி இருந்தது. பெற்றோர் இல்லாத பிள்ளையை, சொந்த வீடுள்ள வேதக்காரக் குடும்பம் தத்து எடுத்துக்கொள்ளலாம். செபஸ்தியனுக்குச் சொந்த வீடு இருப்பதற்குப் படமே சாட்சி. ஏற்கெனவே ஒரு மகள் இருக்கும்போதே அநாதைப் பிள்ளைக்கும் இடம் கொடுக்கும் பெரிய மனசை அடுத்த அறிக்கையில் தனியாகக் குறிப்பிடுவதாக டொரத்தி அம்மாள் சொன்னார். தாளை நீட்டினார். செபஸ்தியன் இந்த முறை முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் மூன்று தடவை படித்தான். இந்தப் பிள்ளைக்கும் எனக்கும் இரத்த உறவு இல்லை என்று ஒரு வரி. காலமான தந்தையின் பெயர் என்று ஒரு கட்டம்.

"இதுல என்னம்மா எழுதறது?"

"அவ அப்பா பேரத்தான்."

அவன் பேனாவை மையில் தோய்த்தான். பிறகு, காலமான தந்தை செபஸ்தியன் என்று தன் கையால் எழுதினான். அதற்குக் கீழே, பொறுப்பேற்பவர் செபஸ்தியன் என்று எழுதினான். டொரத்தி அம்மாள் மையை ஒற்றி எடுத்துவிட்டு, "ஒரே பேரா அமைஞ்சிருக்கு. எல்லாம் கர்த்தரோட ஏற்பாடு" என்றார்.

லூசியைக் கூட்டி வந்தார்கள். முடியை ஒட்ட வெட்டி, சாம்பல் நிறக் கவுன் போட்டிருந்தார்கள். அவள் அவனைப் பார்த்தாள். ஓடிவரக் கால் எடுத்தவள், டொரத்தி அம்மாளைப் பார்த்துவிட்டு நின்றாள். கையைக் குவித்து, "உங்கள் தயவுக்கு நன்றி ஐயா" என்றாள்.

"நல்ல பிள்ளை" என்றார் டொரத்தி அம்மாள். "இந்த ஐயாதான் உன்ன எடுத்துக்கறார். இனிமே இவர அப்பான்னு கூப்பிடப் பழகிக்கணும். என்ன?"

"சரிம்மா."

ஸ்டேஷன்வரை லூசி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வண்டியில் ஜன்னலோரம் உட்கார வைத்தான். ரொட்டி வாங்கிக் கொடுத்தான். சாப்பிடச் சொன்னபிறகுதான் சாப்பிட்டாள். அம்மா வீட்டில் காத்துக்கொண்டிருப்பதைச் சொன்னான், தலையாட்டினாள். வண்டி குளுவாங்கை விட்டு நகர்ந்து, விடுதிக் கூரை மறைந்து, இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வந்தன. அவள் பெட்டி முழுக்க ஒருமுறை பார்த்தாள். நீலப் பட்டை கட்டியவர்கள் யாரும் இல்லை. அவன் பக்கம் சாய்ந்து, காதோடு கேட்டாள்.

"இப்பக் கூப்பிடலாமா?"

"யாரம்மா?"

"ஒங்களத்தான்."

"கூப்பிடும்மா" என்றான் செபஸ்தியன். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, வாய்விட்டு அழுதான். அவளோ, இன்னும் யாராவது அனுமதி தர வேண்டியிருக்கிறதோ என்று வாசற்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.